மூடியில் ஒரு துளை

கிரான் பாலத்துக்கு மேலால் தண்ணீர்
இடுப்பளவு என்றார்கள்.
யாருடைய இடுப்பு என்று சொல்லவில்லை.

கச்சேரி தந்த எட்டுச்சில்லு:
தரையில் வண்டி, தண்ணீரில் தோணி,
இரண்டிலும் முக்கால்வாசிதான்.
சுக்கான் கிடையாது, இரண்டு தடிகள்.
இடத்தடியை இழுத்தால் இடப்பக்கச் சில்லுகள் நிற்கும்,
வலப்பக்கம் மட்டும் தண்ணீரை அளைந்து
மெதுவாய்த் திரும்பும் முழு உடம்பும்.
அடிவயிற்றில் நீர் வடிக்கும் துளைக்குத்
தக்கை தொலைந்து மூன்று மாதம்.
தும்பு சுற்றிய பாளைத்துண்டொன்றை
அடித்து இறுக்கியிருக்கிறேன்.
அதைப்பற்றி யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

நேசராசா ஓட்டினான்.
நடுவில் மாட்டு டொக்டர் நஸ்மியா,
மடியில் ஐஸ் பெட்டி.
முறுத்தானைப் பக்கத்து மாடுகளுக்குக்
கால்வாய் நோய்த் தடுப்பு மருந்து.
எட்டுப் பாகையைத் தாண்டினால்
அதுவும் வெறும் தண்ணீர் என்றார்,
வெள்ளத்தைப் பார்த்தபடி.
பின்னால் நான், சாவிப்பையோடு.

நாலாவது நிமிடம் நின்றது.
இருமவில்லை, புகைக்கவில்லை,
கதைத்துக்கொண்டிருந்தவர் கண்ணயர்ந்ததுபோல.
நீரோட்டம் எங்களை
எங்கே முட்கம்பி என்று தெரியாத
ஏதோ வேலிப்பக்கம் எடுத்துப்போனது.

பிளக்கைக் கழற்றினேன். சாரன் நுனியால் துடைத்து
இரும்பில் சாய்த்துப் பிடித்து, இழு என்றேன்.
கயிற்றை இழுத்தான். நீலப்பொறி.
கேளாமலே இன்னொருமுறை இழுத்தான்.
அந்தப் பொறி முழங்கை வரை வந்தது.
இருக்கு, என்றேன்,
பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுகா பெற்றோல்.
மூடியைத் திறந்தேன், முக்கால் தாங்கி.
மூடினேன். இழுத்தான். பிடித்தது.
நாலு நிமிடம்.

மறுகா காற்று.
வடியை உதறினேன்: கொஞ்சம் உமி, பாதித் தட்டான்பூச்சி.
எதற்கும் என்று தாங்கியையும் எட்டிப்பார்த்தேன்.
பிடித்தது. நாலே நிமிடம்.

காபரேட்டர்க் கிண்ணத்தை இறக்கினால்
உள்ளே வறட்சி.
மேலே தாங்கி தளும்ப
கீழே கிண்ணம் காயுமா?
குழாயை ஊதினேன், தெளிவு.
தாங்கியில் ஓட்டையோ என்று
மறுபடி மூடியைத் திறந்து, மூடி...
பிடித்தது.
தன் தூஷணத்துக்குத்தான் அது பயப்படுகிறதென்று
நேசராசா நம்பத் தொடங்கியிருந்தான்,
டொக்டர் இருப்பதால் வாய்க்குள்ளேயே திட்டினான்.

"ஒவ்வொரு தரமும்
மூடியத் திறந்த பொறகுதான் இது எழும்புது,"
என்றார் டொக்டர்.
"திறக்கக்குள்ள உஸ்ஸெண்டு ஒரு சத்தம்.
உங்களுக்குக் கேக்கல்லயா?"

முப்பத்தொரு வருடம்.
வாவித் தோணி, சூடடிக்கிற மெஷின், வயல் பம்ப்.
இந்தக் காதில் உஸ் எங்கே கேட்கும்.

வயிறூதின மாட்டுக்கு
இடப்பக்க விலாவின் பின்னால் குத்திக்
காற்றை வெளியே விடுவார்களாம்.
இது தலைகீழ்:
காற்று உள்ளே போக வழியில்லாமல்
பெற்றோலை இறங்கவிடாது
உறிஞ்சிப் பிடித்திருக்கிறது தாங்கி.

மூடியைக் கவிழ்த்தேன்.
நடுவில் கடுகளவு துளை.
துளை நிறைய மண்,
குளவி எச்சிலில் குழைத்து
விளிம்புவரை பூசிய மண்.
குறை சொல்ல முடியாத வேலை.

உறை கிழித்து, பதினாறாம் நம்பர் ஊசி தந்தார்.
குத்தினேன், தட்டினேன், வாய் வைத்து ஊதினேன்.
நாக்கில் பெற்றோலும் ஒரு பூச்சியின் வீடும்.

ஐந்தாவது நிமிடம் யாரும் பேசவில்லை.
ஆறாவதும் ஓடியது.
ஏழாவதில் நேசராசா பீடிக்குத் தடவினான்,
டொக்டர் பார்த்தார், திரும்ப வைத்தான்.

மேட்டில் நெருக்கியடித்து நின்றன மாடுகள்.
எங்கள் சத்தத்துக்கு
ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

வேலை முடிந்து, வளைந்த ஊசிக்கும்
பதிவேட்டில் ஒரு வரி வேண்டுமாம்.
இனம் என்ற கட்டத்தில் பேனை நின்றது.
"எட்டுக்கால்," என்றேன்.
எழுதினாரோ தெரியாது.

திரும்பும்போது எஞ்சின் ஒரே சீராய்ப் பாடியது.
பாதி வழியில்
என் பாதத்தடியில் ஈரம் தட்டியது.
பாளைத்துண்டு.
குதிக்காலை அதன்மேல் அழுத்திக்கொண்டு
கரையைப் பார்த்தபடி இருந்தேன்.